கேல்: மேயில் நட்டது போதும், யூலையில் விதையுங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். பின்வளவில் 4 அடிக்கு 8 அடியில் ஒரு பாத்தி. போன வருடம் விக்ரோரியா நாள் விடுமுறையில் தக்காளி, மிளகாய்க் கன்றுகளோடு ஆறு கேல் கன்றும் வாங்கி நட்டோம். யூன் வரை நன்றாக வந்தது. யூலையில் இலை முழுக்க ஓட்டை, பச்சைப் புழு, மிஞ்சிய இலையும் கைப்பு. பிடுங்கி எறிந்துவிட்டோம். இந்த ஊரில் வீட்டில் கேல் வளர்ப்பது சரிவருமா? வறைக்கு நல்ல இலை கிடைக்க என்ன செய்யவேண்டும்?

பதில்:

தாராளமாகச் சரிவரும். ஒன்ராறியோக் குளிருக்கு இதைவிடத் தோதான இலைக்கறி தேடினாலும் கிடைப்பது அரிது. உங்களுக்குப் பிழைத்தது நட்ட நாள். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றை எல்லாம் சூட்டுக்குப் பிறந்தவை. உறைபனி முற்றாக விட்ட பிறகே அவற்றை வெளியே வைக்கலாம். அதனால் நம்மவர் தோட்டங்களில் எல்லாக் கன்றும் மே 24ஐ ஒட்டிய அந்த ஒரு சனி ஞாயிறில் மண்ணுக்குள் போகிறது. கேல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. கோவா, புறோக்கோலி, கோலிஃபிளவர் மூன்றும் எந்த இனமோ கேலும் அதே இனம். வெப்பநிலை 15 முதல் 20 பாகைக்குள் இருக்கும்போது இலை மென்மையாக வரும். 27 பாகையைத் தாண்டினால் நார் ஏறும், கைக்கும். மே கடைசியில் நட்ட கன்று முழு வளர்ச்சிக்கு வரும் நேரம் சரியாக யூலை நடுப்பகுதி, ரொறன்ரோவின் கடும் சூடு. வெள்ளை வண்ணாத்திப்பூச்சிகள் பெருகியிருக்கும் நேரமும் அதுதான்.

ஆகவே இந்த ஊரில் கேலுக்கு இரண்டு போகம். ஒன்று ஏப்ரலில் நட்டு, யூலை தொடக்கத்தோடு பெரும்பாலும் முடிக்கும் வசந்த போகம். மற்றது யூலையில் விதைத்து, செப்ரெம்பர் கடைசியிலிருந்து பனி கொட்டும் வரை ஆயும் இலையுதிர் போகம். இரண்டில் ஒன்றுதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இரண்டாவதைச் செய்யுங்கள். புழுவும் குறைவு, இலையும் இனிப்பு.

எந்த வகை

விதைப் பைகளில் நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வறைக்கும் சுண்டலுக்கும் என் முதல் தெரிவு ரெட் ரஷ்யன். தட்டையான, ஓரம் வெட்டுப்பட்ட இலை, நரம்பு ஊதா. விதைத்து 50 நாளளவில் ஆயலாம், மெல்லியது, சட்டென்று வேகும். இது உண்மையில் கோவா இனத்துக்கு ஒன்றுவிட்ட உறவு, கனோலா இனத்தைச் சேர்ந்தது.

விண்டர்போர் என்பது சுருள் இலைக் கலப்பினம். பனிக்கு அசையாது, −12 பாகை வரை பெரிதாகச் சேதமில்லாமல் நிற்கும். குறை என்னவென்றால் அந்தச் சுருளுக்குள் அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) ஒளிந்தால் கழுவி எடுப்பது பெரும்பாடு. வேட்ஸ் என்ற குட்டையான சுருள் வகை முழங்கால் உயரத்தோடு நிற்கும். காற்று அடிக்கிற வளவுக்கும் பல்கனித் தொட்டிக்கும் அது நல்லது. லசினாற்றோ இத்தாலியின் ரஸ்கனிப் பகுதி வகை: நீண்டு ஒடுங்கிய, கருநீலப் பச்சை இலை, மேற்பரப்பு முழுக்க கொப்புளம் போட்ட மாதிரி. சூட்டை மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாங்கும், சூப்புக்கு அருமை. ஆனால் கடும் குளிரில் முதலில் விழுவதும் அதுதான். நான்கு பேருள்ள வீட்டுக்கு ஐந்து கன்று போதும். அரைப் பாத்தி. மீதி அரைப் பாத்தியை உங்கள் தக்காளிக்கே விடுங்கள்.

மண்ணும் பசளையும்

கேல் இலைக்காக வளர்க்கும் பயிர், அதனால் தழைச்சத்து (நைதரசன்) நிறைய வேண்டும். அரைப் பாத்தி என்றால் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீற்றர். அதன் மேல் 5 சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கூட்டெரு பரப்ப 30 லீற்றர்ப் பைகள் இரண்டு அல்லது மூன்று தேவைப்படும். பரப்பி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். அதோடு குளிகையாக விற்கும் கோழி எருவில் சதுர மீற்றருக்கு ஒரு பெரிய கைப்பிடி, அல்லது இரத்தத்தூள் கன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி. இரத்தத்தூளை மண்ணோடு நன்றாகக் கிளறிவிடவேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டு நாய் வந்து கிளறும்.

சாம்பலும் சுண்ணாம்பும் போடுவது நம்மவர்களிடம் கைப்பழக்கமாக இருக்கிறது. ரொறன்ரோ, அதைச் சுற்றிய பகுதிகளின் களிமண் பெரும்பாலும் சுண்ணக்கல்லிலிருந்து வந்தது. கார அமிலச் சுட்டெண் (pH) பொதுவாகவே 7ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கேலுக்கு 6 முதல் 7.5 வரை சரி. சாம்பலும் சுண்ணாம்பும் அதை இன்னும் கூட்டும், ஆகவே மண்ணைப் பரிசோதிக்காமல் கொட்டவேண்டாம். களிமண்ணின் உண்மையான தொல்லை வடிகால்தான். மழை பெய்து மறுநாளும் பாத்தியில் தண்ணீர் நின்றால் 20 சென்ரிமீற்றர் உயர்த்திப் பலகை அடித்துவிடுங்கள்.

வெயில் நாளுக்கு ஆறு மணித்தியாலம் இருந்தால் நிறைவு, நான்கு இருந்தாலும் சமாளிக்கும். யூலை, ஓகஸ்டில் பின்னேரம் நிழல் விழும் இடம் இருந்தால் தக்காளிக்குக் கெடுதல், கேலுக்கு உதவி.

வசந்த போகம்

மார்ச் நடுவிலிருந்து கடைசி வரைக்குள் வீட்டுக்குள்ளே விதையுங்கள். ஒரு சிறு கிண்ணத்துக்கு இரண்டு விதை, 1 சென்ரிமீற்றர் ஆழம். ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். சூடேற்றும் பாய் ஒன்றும் வேண்டாம்; மிளகாய்க்கு வாங்கியதை மிளகாய்க்கே வைத்துக்கொள்ளுங்கள். முளைத்தபின் 15 முதல் 18 பாகைதான் கேலுக்குப் பிடிக்கும். அந்த வகையில் பேஸ்மென்ற் மிக நல்ல இடம், வெளிச்சம் மட்டும் கொடுக்கவேண்டும். யன்னலோரத்தில் வைத்த நாற்று கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நூல் மாதிரி நீண்டு, ஒரு கிழமையில் விழுந்துவிடும். சாதாரண எல்இடி ஷொப் லைற் ஒன்றை நாற்றுக்கு மேலே 5 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்திக்கொண்டு போகவேண்டும்.

தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, அரை மணி கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேலே எப்போதும் ஈரமாக இருந்தால் நாற்றின் கழுத்து மண்மட்டத்தில் கறுத்து ஒடுங்கி ஒரே இரவில் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. ஒரு சிறு மின்விசிறி நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினால் இது பெரும்பாலும் வராது, தண்டும் உரமாகும்.

ஏப்ரல் நடுப்பகுதியில் நாலைந்து உண்மையான இலை வந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை வெளியே பழக்குங்கள்: முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு நேரத்தையும் வெயிலையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி இரண்டு இரவு வெளியிலேயே. ஏப்ரல் கடைசிக்குள் நட்டுவிடலாம். ரொறன்ரோவில் கடைசி உறைபனி மே முதல் பாதிவரை வரக்கூடும். பழக்கிய கேல் கன்றுக்கு −2, −3 ஒரு பொருட்டல்ல.

நடும்போது முதல் இலைக்காம்பு வரை மண்ணுக்குள் இறக்குங்கள். கன்றுக்குக் கன்று 45 சென்ரிமீற்றர். நட்டு இரண்டு கிழமை பச்சை இலை கொஞ்சம் ஊதாப் பூத்தால் பயப்படவேண்டாம். மண் குளிராக இருக்கும்போது வேர் பொசுபரசை எடுக்கச் சிரமப்படுகிறது, மண் சூடாகத் தானாக மாறும்.

கன்று வாங்கி நடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடையில் பெரிய கன்றைத் தேடி எடுப்பது நமது இயல்பு. கேலில் அது பிழை. தண்டு பென்சில் தடிப்பைத் தாண்டிய கன்று ஏப்ரல் குளிரில் சில கிழமை நின்றால், ஒரு குளிர்காலம் கடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, இலை விடுவதை விட்டுவிட்டுப் பூக்கத் தொடங்கும். சிறியதாய், நாலு இலையோடு, தட்டின் அடியில் வேர் வெளியே வராததாய்ப் பார்த்து எடுங்கள்.

யூலை விதைப்பு

இதற்குத்தான் இடம் தேடவேண்டும். யூலையில் பாத்தி எல்லாம் தக்காளியும் பயற்றையுமாக நிறைந்திருக்கும். ஒக்ரோபரில் உள்ளி நடுபவர்களுக்குப் பிரச்சினையே இல்லை: உள்ளி யூலை நடுவிலிருந்து கடைசிக்குள் கிளப்பப்படும், அந்த இடம் அப்படியே கேலுக்கு. முள்ளங்கி, லெற்றஸ் முடிந்த இடமும் ஆகும். முள்ளங்கியும் கேலின் உறவுதான் என்பதால், அந்த இடத்தில் பூச்சித் தொல்லை இருந்திருந்தால் வேறிடம் பாருங்கள்.

யூலை முதல் வாரம் முதல் நடுப்பகுதி வரை விதைக்கலாம். ஓகஸ்டில் விதைத்தால் முளைக்கும், ஆனால் பகல் சுருங்கிக்கொண்டு போவதால் கன்று பெருக்காது. ரொறன்ரோவில் நவம்பர் முதல் கிழமை கடந்தபின் பகல் 10 மணித்தியாலத்துக்குக் கீழே போய்விடும். அதன்பின் பெப்ரவரி தொடக்கம் வரை எந்த இலையும் வளராது, இருப்பது அப்படியே நிற்கும். அதற்குள் கன்று முழு உருவத்துக்கு வந்திருக்கவேண்டும். நாள் கணக்கு முழுக்க இதை வைத்துத்தான்.

யூலையில் நேரே பாத்தியில் தூவினால் பாதி விதை கருகும், முளைத்ததில் பாதியைத் தெள்ளு வண்டு தின்னும். வீட்டின் வடக்குப் பக்க நிழலில் தட்டில் விதைத்து, நாலைந்து கிழமை கழித்து, ஓகஸ்ட் முதல் இரண்டு வாரத்துக்குள் நடுவது நம்பகமானது. நடுவதற்கு வெயில் தாழ்ந்த பின்னேரம் நல்லது, மப்பும் மந்தாரமுமான நாள் அதைவிட நல்லது. குழியை முதலில் தண்ணீரால் நிரப்பி, அது வற்றியபின் கன்றை வையுங்கள். முதல் நான்கைந்து நாள் ஒரு பழைய வெள்ளைத் துணி நிழலுக்குப் போதும். நேரே விதைத்தே ஆகவேண்டும் என்றால், கீறிய வரிக்குள் தண்ணீர் விட்டு, ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விதை போட்டு மூடி, மேலே ஒரு பலகையை வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தூக்கிப் பாருங்கள். முதல் வெள்ளை முளை தெரிந்த அன்றே பலகையை எடுத்துவிடவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் நாற்று நூலாகிவிடும்.

வலை

மருந்து எது என்று கேட்பவர்கள் பலர். வலை போட்டால் மருந்துக் கேள்வியே பெரும்பாலும் எழாது. கேல் இலைக்காகத்தான், பூவுக்குத் தேனீ வரவேண்டிய தேவை இல்லை. ஆகவே நட்ட அன்றிலிருந்து கடைசிவரை மூடியே வைத்திருக்கலாம். 

கடையில் 10 அடி நீளத்தில் விற்கும் அரை அங்குலப் பிளாஸ்ரிக் குழாயை வளைத்து, இரு பக்கமும் மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் செருகினால் 4 அடி அகலப் பாத்திக்கு மேலே கிட்டத்தட்ட நாலடி உயரத்தில் வளையம் நிற்கும். அரைப் பாத்திக்கு மூன்று வளையம். மேலே 0.8 மில்லிமீற்றர் அல்லது அதைவிடச் சிறிய கண்ணுள்ள பூச்சி வலை. பறவைக்குப் போடும் பெரிய கண் வலை வண்ணாத்திப்பூச்சியையே முழுதாகத் தடுக்காது, தெள்ளு வண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. வலையின் ஓரத்தைச் சுற்றிவரக் கல்லோ பலகையோ மண்ணோ போட்டு அமுக்கவேண்டும். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும், வண்ணாத்திப்பூச்சி நடந்தே உள்ளே போய்விடும். இலை வலையில் முட்டிக்கொண்டு நின்றாலும் அது வெளியிலிருந்தே முட்டை வைக்கும்; உயரமாக வளைப்பது அதற்காக.

ஒரு எச்சரிக்கை. போன வருடம் கேலோ கோவாவோ முள்ளங்கியோ நின்ற அதே மண்ணில் வலை போட்டால், மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்த பூச்சிகள் வலைக்குள்ளேயே வெளிவந்து, எதிரி எவரும் இல்லாமல் விருந்து உண்ணும். இடம் மாற்றியபின்தான் வலை. கோவாக் குடும்பம் எதுவும் ஒரே இடத்துக்கு மூன்று வருடம் கழித்துத்தான் திரும்பவேண்டும். ஒரே பாத்தி வைத்திருக்கும் உங்களுக்கு இது கடினம். அரை அரையாக மாற்றுவது ஓரளவு உதவும். இல்லையென்றால் ஒரு வருடம் கேலை 20 லீற்றர் வாளியில், புது மண்ணில், வாளிக்கு ஒரு கன்றாக வளர்த்து இடைவெளி விடுங்கள்.

யார் தின்கிறார்கள்

இலையைப் பார்த்தே ஆளைப் பிடிக்கலாம். பெரிய, ஒழுங்கற்ற ஓட்டை, இலைக்கணுவில் கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் என்றால் கோவாப் புழு. வெள்ளைச் சிறகில் கறுப்புப் பொட்டு வைத்த வண்ணாத்திப்பூச்சியின் பிள்ளை. இது இந்த நாட்டுக்குரியதல்ல, 1860 அளவில் ஐரோப்பாவிலிருந்து கியூபெக்குக்கு வந்து பரவியது. இலையைத் திருப்பிப் பாருங்கள்: மஞ்சளாய், நிமிர்ந்து நிற்கும் அரிசிக் குருணை போன்ற முட்டை தனித்தனியாக ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்துவிட்டால் முடிந்தது. புழு நடு நரம்போடு நீளவாக்கில், நரம்பின் நிறத்திலேயே படுத்திருக்கும். கண் பழகினால்தான் தெரியும். உங்களிடம் வந்தது பெரும்பாலும் இதுதான்.

கையால் எடுத்து முடியாவிட்டால் பிரி (Bt) என்று சுருக்கமாகச் சொல்லும் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் கலவை இருக்கிறது. இது ஒரு பக்ரீரியா. புழுவின் குடலில்தான் வேலை செய்யும், மனிதருக்கும் தேனீக்கும் தீங்கில்லை. பலர் இதை அடித்துப் பலனில்லை என்பதற்குக் காரணங்கள் மூன்று: வெயிலில் அடிக்கிறார்கள், ஒளி பட்டால் இது சிதைந்துவிடும்; இலையின் மேற்பக்கம் மட்டும் நனைக்கிறார்கள், புழு அடியில் இருக்கிறது; புழு பெரிதானபின் அடிக்கிறார்கள், இது சின்னப் புழுவுக்குத்தான் எடுபடும். பின்னேரம், இரு பக்கமும் நனைய, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. மழை பெய்தால் திரும்பவும். அளவுக்கு லேபிளைப் பின்பற்றுங்கள்.

இலை முழுக்க குண்டூசியால் குத்திய மாதிரிச் சிறு துளைகள், கிட்டப் போனால் கறுப்பாய் ஏதோ துள்ளிப் பாய்கிறது என்றால் தெள்ளு வண்டு. பெரிய கன்று இதைத் தாங்கும், நாற்றுச் செத்துவிடும். இதற்கு வலைதான் மருந்து, அதுவும் நட்ட அன்றே.

சாம்பல் பூசிய மாதிரிக் கும்பலாக இலையின் அடியிலும் குருத்திலும் இருப்பது கோவா அழுக்கணவன். உடம்பில் மெழுகு பூசியிருப்பதால் வெறும் தண்ணீர் வழுக்கி ஓடும். குழாயை விசையாகப் பிடித்து அடித்து விழுத்துங்கள், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும். அதற்கும் அடங்காவிட்டால் பூச்சிகொல்லிச் சோப் என்றே விற்பதை வாங்கி அடியுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இலையைக் கருக்கும். ஒரு இலை முழுதும் நிறைந்துவிட்டால் அதை ஆய்ந்து பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் கெட்டித்தனம்.

குருத்தே முறுகி, வீங்கி, நடு மொட்டு இல்லாமல் பழுப்புத் தழும்பாக நின்றால், அது ஸ்வீட் மிட்ஜ் (swede midge) என்ற, கண்ணுக்கு லேசில் தெரியாத அளவு சின்ன ஈயின் வேலை. வட அமெரிக்காவில் இது முதலில் 2000ஆம் ஆண்டில் உறுதிசெய்யப்பட்டது ஒன்ராறியோவில்தான். புழு குருத்துக்குள் இருப்பதால் தெளிப்பு எட்டாது. கன்றைப் பிடுங்கிப் பையில் கட்டிவிட்டு, அடுத்த தடவை தூரமாக, புது இடத்தில், நுண்வலைக்குள் நடவேண்டியதுதான்.

கன்று நடுப்பகலில் வாடி மாலையில் நிமிர்கிறது, தண்ணீரும் போதுமானது என்றால் வேரைப் பாருங்கள். மே மாதத்தில் வாடினால் பெரும்பாலும் வேர்ப்புழு. தண்டடியில் வெள்ளையாய் மெல்லிய முட்டையும் வேரில் வெள்ளைப் புழுவும் இருக்கும். நடும்போதே 15 சென்ரிமீற்றர்ச் சதுர அட்டையை நடுவில் கீறித் தண்டைச் சுற்றி மண்ணோடு படிய வைத்தால் ஈ முட்டை வைக்க இடமிருக்காது. வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தால் அது வேறு கதை: வேர்வீக்க நோய். அதன் வித்திகள் மண்ணில் 20 வருடம் வரை கிடக்கும், மருந்து இல்லை. அந்தக் கன்றைக் கூட்டெருவில் போடாதீர்கள், அந்த மண்வெட்டியைக் கழுவாமல் வேறு பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். சொந்தக்காரர் வீட்டிலிருந்து வேர் மண்ணோடு வரும் கோவாக் கன்று வழியாகத்தான் இது வீடு வீடாகப் போகிறது. அன்பாகக் கொடுப்பார்கள், மறுப்பது கஷ்டம். விதையாகத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

இலை ஓரத்திலிருந்து நடு நரம்பை நோக்கி V வடிவில் மஞ்சள் இறங்கி, அதற்குள் நரம்பு கறுத்திருந்தால் கருநரம்பு அழுகல். விதையோடும் வரும், நனைந்த இலையில் கை பட்டாலும் பரவும். மழை ஈரம் காயாமல் இலை ஆயக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். அடி இலை மட்டும் சீராக மஞ்சளானால் நோயல்ல. வயது, அல்லது தழைச்சத்துக் குறை.

தண்டு கத்தரிக்கோலால் சரிவாக வெட்டிய மாதிரித் துண்டாகிக் கன்று காணாமல் போயிருந்தால் பூச்சியைத் தேடவேண்டாம், முயல். இரண்டடி உயரக் கோழிக்கூட்டுக் கம்பிவலை, அடிப்பகுதி ஒரு சாண் மண்ணுக்குள். கிரவுண்ட்ஹொக் வந்தால் இது போதாது, அது தோண்டியும் வரும், ஏறியும் வரும்.

தண்ணீர், மேலுரம், ஆய்தல்

கிழமைக்கு 2.5 சென்ரிமீற்றர் மழைக்குச் சமமான தண்ணீர், உங்கள் அரைப் பாத்திக்கு ஏறக்குறைய 35 லீற்றர், இரண்டு தடவையாக, வேரடியில். காய்ந்து காய்ந்து நனைந்தால் கைப்பு ஏறும். அதற்காகவே வைக்கோலோ காய்ந்த இலையோ 5 சென்ரிமீற்றர் மூடாக்குப் போடுங்கள். நட்டு மூன்று கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை மீன் உரத் திரவம், 4 லீற்றர்த் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. மணம் இரண்டு நாள் நிற்கும், ரக்கூன் வந்து மணந்து பார்த்துவிட்டுப் போகும். செப்ரெம்பர் நடுவோடு உரத்தை நிறுத்திவிடவேண்டும், இல்லாவிட்டால் குளிரில் கருகும் இளந்தளிர்தான் வரும்.

இலை உள்ளங்கை அளவு வந்ததும் ஆயலாம். அடியிலிருந்து ஆயவேண்டும். காம்பைத் தண்டோடு ஒட்டிப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துத் திருகினால் சட்டென்று கழரும். குட்டைக் காம்பு மிஞ்சினால் அது அழுகும். உச்சியில் எப்போதும் ஆறு முதல் எட்டு இலை நிற்கட்டும். முளைக்கீரை மாதிரி நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், ஆனால் இலை சிறுத்துவிடும். கிழமைக்கு ஒருமுறை ஒரு கன்றில் மூன்று நாலு இலை எடுப்பதுதான் நிலையான கணக்கு. ஆயாமல் விட்டால் நன்றாக வளரும் என்று நினைத்து விடுபவர்களிடம்தான் நார் இலை அதிகம்.

வசந்த போகத்துக் கன்றை யூலையில் பிடுங்கத்தான் வேண்டுமென்றில்லை. முற்றிய இலையெல்லாம் கழித்து, குருத்தோடு ஆறு இலை மட்டும் விட்டு, தண்ணீரைத் தவறவிடாமல், வலைக்குள்ளேயே வைத்திருந்தால் செப்ரெம்பரில் திரும்பத் தளிர்க்கும். இலை யூலைக் கன்றின் இலைக்கு நிகராக இராது. ஆனாலும் வறைக்கு உதவும்.

உறைபனிக்குப் பிறகு

ஒக்ரோபரில் முதல் உறைபனி விழுந்ததும் தோட்டத்தை மூடிவிடுபவர்கள் கேலின் நல்ல பாதியை விட்டுவிடுகிறார்கள். குளிர் பட்டதும் செடி தன் மாப்பொருளைச் சீனியாக மாற்றி உயிரணுவுக்குள் சேர்க்கிறது. சீனி கரைந்த நீர் லேசில் உறையாது, அது செடியின் தற்காப்பு. நாக்குக்குத் தெரிவது இனிப்பு. இரண்டு மூன்று உறைபனி கண்ட இலையை அதற்கு முந்திய இலையோடு ஒரே நாளில் சமைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

உறைந்து கண்ணாடி மாதிரி விறைத்திருக்கும் இலையைத் தொடவேண்டாம், ஒடிந்து, இளகியதும் கறுத்துப்போகும். மத்தியானம் வெயிலில் இளகியபின் ஆயுங்கள். நவம்பரில் பூச்சி வலையை எடுத்துவிட்டு, அதே வளையத்தின் மேல் தடித்த பனித்துணியைப் போட்டு, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மேப்பிள் சருகு குவித்தால் டிசம்பர் நடுப்பகுதி வரை இலை கிடைக்கும். சில வருடம் தைப்பொங்கலுக்கும் கிடைக்கும். பனி மூடினால் தட்டிவிடாதீர்கள், காற்றைவிடப் பனிப்போர்வை இதமானது.

தப்பிய கன்று ஏப்ரலில் பக்கத் தளிர் விடும், மே மாதத்தில் மஞ்சள் பூவெடுக்கும். மலர முன் மொட்டும் தண்டுமாக ஒடித்து எண்ணெயில் வதக்கினால் புறோக்கோலியைவிட ருசி. விக்ரோரியா நாள் வரும்போது கிளப்பிவிட்டு அந்தக் குழியில் தக்காளி நடலாம். விதை எடுக்க நினைத்தால் விண்டர்போரை விடுங்கள், கலப்பினம், தாய் மாதிரி வராது. லசினாற்றோவில் எடுக்கலாம், ஆனால் அதே நேரத்தில் அக்கம்பக்கத்தில் கோவாவோ புறோக்கோலியோ பூத்திருந்தால் கலந்துவிடும். ஒரு பை விதையின் விலையை நினைத்தால் இந்தத் தலையிடி தேவையில்லை. வாங்கிய விதை குளிர்ந்த உலர்ந்த இடத்தில் நான்கு வருடம் தாங்கும்.

சமையலறையில்

வலைக்குள் வளர்ந்ததானாலும் ஒரு லீற்றர்த் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஒளிந்திருந்த புழு மிதக்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தரம். நடு நரம்பை ஒரு கையால் பிடித்து மறு கையால் இலையை உருவி எடுத்து, சுருட்டி, முடிந்தளவு மெல்லியதாக அரியவேண்டும். கேல் வறை வாயில் கடிபடுவதற்குக் காரணம் அரிந்த விதம்தான், வேகாததல்ல. வெங்காயம், பச்சைமிளகாய் வதங்கியதும் இலையைப் போட்டு, மஞ்சள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி நாலு நிமிடம். பிறகு தேங்காய்ப்பூப் போட்டுக் கிளறி இறக்கி, தேசிக்காய் பிழியுங்கள். முருங்கையிலையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம், அவ்வளவுதான்.

மிஞ்சியதை உறையவைக்க, கொதிநீரில் இரண்டு முதல் இரண்டரை நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, நன்றாகப் பிழிந்து, ஒரு வேளைக்கு ஒரு பையாகக் கட்டுங்கள். பச்சையாக உறையவைத்தால் ஓரிரு மாதத்தில் கைக்கத் தொடங்கும்.

வீட்டில் வாபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் இருந்தால் ஒன்று: கேலில் விற்றமின் கே மிக அதிகம், அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். சாப்பிடக்கூடாதென்றில்லை. ஆனால் ஒக்ரோபரில் பாத்தி நிறைந்துவிட்டது என்பதற்காகத் திடீரென்று தினமும் சமைக்கத் தொடங்கவேண்டாம். முதலில் மருத்துவரிடம் சொல்லி, ஒவ்வொரு கிழமையும் ஏறக்குறைய ஒரே அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.